சுண்டைக்காய் அளவு லேகியம்

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு பையன் இருக்கிறான். பேச்சு வராது. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வாரம் அவள் கையில் செல்போனோடு வந்தாள். வெளிநாட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கஞ்சாவிலிருந்து எடுத்த எண்ணெயைக் கொடுக்கிறார்களாம், பிள்ளைகள் நன்றாகத் தூங்குகிறார்களாம். அதற்குக் கீழேயே இன்னொருத்தர், அது மூளையைக் கெடுத்துவிடும், கிட்டேயே விடாதீர்கள் என்று எழுதியிருக்கிறார். "இதுல எதைங்க ஆயா நம்பறது?" என்று கேட்டாள்.

என்னைப் போய்க் கேட்கிறாளே என்று முதலில் சுள்ளென்று கோபம் வந்தது. அப்புறம், என்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பாள் என்றும் தோன்றியது. நன்மை என்று எழுதியவர் நன்மையைப் பார்த்திருப்பார். கெடுதல் என்று எழுதியவர் கெடுதலைப் பார்த்திருப்பார். நான் இரண்டையும் ஒரே வீட்டில், ஒரே ஆளிடம் பார்த்தவள். அந்த ஆள் என் அண்ணன். வாயால் சொன்னால் பாதியில் கத்திவிடுவேன், எழுதித் தருகிறேன் என்று அவளை அனுப்பிவிட்டேன்.

அப்போது தர்மபுரி சேலம் ஜில்லாவில் இருந்தது. எங்கள் ஊர் நல்லம்பள்ளிக்கும் இண்டூருக்கும் நடுவில். அப்பா ஊர் மாரியம்மன் கோயில் பூசாரி. கொஞ்சம் மேட்டு நிலமும் இருந்தது, கேழ்வரகும் அவரையும் போடுவோம். வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், நான். அண்ணன் என்னைவிட நாலைந்து வயது மூத்தவன்.

அண்ணனுக்குக் காதுதான் எல்லாம். நல்லம்பள்ளி ரோட்டில் வண்டி வருவது எங்களுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே அவன் தலையைத் தூக்குவான். எங்கள் மாடு எது, பக்கத்து வீட்டு மாடு எது என்று கழுத்து மணியை வைத்தே தெரிந்துகொள்வான். எங்கள் மாட்டு மணியின் சத்தத்தை அப்படியே வாய்க்குள் முனகிக் காட்டுவான். அது ஒன்றுதான் அவன் எனக்குச் சொன்ன கதை, பாட்டு, எல்லாம். வேறு பேச்சு கிடையாது. கிட்டே போய் உட்கார்ந்தால் எழுந்து போகமாட்டான். அவனுக்கு அது பெரிய பிரியம்.

அதே காதுதான் அவனை வதைத்தது. உலக்கை சத்தம் ஆகாது. நாலு பேர் ஒன்றாகச் சிரித்தால் ஆகாது. சத்தம் மிஞ்சினால் இரண்டு கையாலும் காதை அழுத்திக்கொண்டு கத்துவான். அதற்கும் அடங்கவில்லை என்றால் சுவரில் நெற்றியை மோதுவான். நெற்றியில் ஒரு புண் ஆறும்போதே அடுத்த புண் வந்துவிடும். ராத்திரியில் தூக்கம் என்பதே கிடையாது. அம்மாவும் தூங்கமாட்டாள், சுவருக்கும் அவன் தலைக்கும் நடுவில் தன் கையை வைத்துக்கொண்டு கிடப்பாள். அம்மாவின் வலது கை விரல்கள் கடைசி வரை நேராக நிற்கவில்லை.

இப்படிப்பட்டவன் பூசாரி வீட்டில் பிறந்தால் என்ன ஆகும்? மாசித் திருவிழாவில் பம்பை அடித்தாலே போச்சு. கோயில் எங்கள் வீட்டுக்கு எதிரில். பம்பையில் கோல் விழுந்ததும் அண்ணன் அலறுகிற அலறலில் சாமி வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். ஊர் சும்மா இருக்குமா? அவனுக்குள் முனி இருக்கிறது, அம்மன் பம்பையைக் கேட்டால் அதற்கு உடம்பு எரிகிறது என்று பேசினார்கள். நேருக்கு நேராகவே ஒருத்தர் அப்பாவிடம் கேட்டார், "ஊருக்கெல்லாம் துன்னூறு போடறீங்க, ஒங்க பையன் மேல இருக்கறத ஓட்ட முடியலீங்களா?"  அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

இண்டூர்ச் சந்தையில் ஒரு நாட்டு வைத்தியர் கடை போடுவார். அம்மாதான் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனாள். சந்தைச் சத்தத்தில் அவன் பட்ட பாட்டை வைத்தியர் கண்ணால் பார்த்தார். முனி என்றெல்லாம் பேசவில்லை. ஒரு லேகியம் கிண்டித் தந்தார். கஞ்சா இலையை நெய்யில் வறுத்து, கசகசா, கருப்பட்டி சேர்த்தது. அப்போது கஞ்சாவும் அபினும் சர்க்கார் லைசென்ஸ் கடையிலேயே கிடைக்கும். கள்ளுக்கடை மாதிரி அதுவும் ஒரு கடை, அவ்வளவுதான்.

"சுண்டக்கா அளவு. பொழுது சாஞ்சதும் ஒருக்கா, அவ்ளோதானுங்க. அமாவாச வந்தா நாலஞ்சு நாளு நிறுத்திப் போடணும். வேல செய்யலன்னு கூடக் குடுத்துராதீங்கம்மா, எங்கிட்ட வந்து சொல்லுங்க" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

பொய் சொல்லமாட்டேன். அந்த லேகியம் நல்லது செய்தது. முதல் தடவையாக அண்ணன் விடிய விடியத் தூங்கினான். நெற்றிப் புண் காய்ந்து தோல் மூடியது. களியைத் தவிர எதையும் தொடாதவன், என் தட்டிலிருந்து அவரைக்கொட்டையைப் பொறுக்கித் தின்றான். நகம் வெட்ட விட்டான். பகலில் எப்போதும் போல வண்டிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கினான், மணிச் சத்தத்தை முனகினான். உலக்கை சத்தத்துக்குக் காதைப் பொத்தினான், ஆனால் சுவரிடம் போகவில்லை. அம்மா பகலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டதை நான் அப்போதுதான் பார்த்தேன். அந்தக் காலத்தோடு நிறுத்தி என்னைக் கேட்டிருந்தால், அந்த வைத்தியர் காலைத் தொட்டுக் கும்பிடு என்று எதிர் வீட்டுப் பெண்ணிடம் நானே சொல்லியிருப்பேன்.

ஆனால் மாசி வந்தது. அப்பாவுக்கு ஆசை வந்தது. ஊர் வாயை மூட வேண்டும் என்கிற ஆசை. அம்மாவுக்குத் தெரியாமல் பட்டப்பகலில் நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொடுத்து, அண்ணனைக் குளிப்பாட்டி, மஞ்சள் வேட்டி கட்டி, அம்மன் சந்நிதியில் கொண்டுபோய் உட்கார வைத்தார். பம்பை அடித்தார்கள். அண்ணன் அசையவில்லை. கண் சிவந்து, பாதி மூடி, வாயோரம் லேசாகத் திறந்து உட்கார்ந்திருந்தான்.  முனி போய்விட்டது, அம்மன் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று ஒரு கிழவி குலவையிட்டாள். போன வருசம் அப்பாவைக் குத்திக் கேட்டாரே, அந்த ஆளே வந்து அண்ணன் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

அதோடு விட்டிருந்தால் வருசத்துக்கு ஒரு நாள் கூத்து என்று போயிருக்கும். எங்கள் ஊரில் எதற்கும் அம்மனிடம் பூக் கேட்பார்கள். பெண்ணைக் கொடுக்கலாமா, கிணறு தோண்டலாமா, எல்லாவற்றுக்கும். வெள்ளை அரளி ஒரு இலையில், சிவப்பு அரளி ஒரு இலையில் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் வைப்பார் பூசாரி. சின்னப் பிள்ளை யாராவது ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள், சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். இனிமேல் எதற்குச் சின்னப் பிள்ளை, அம்மன் குடியிருக்கிற பூசாரி மகனே எடுக்கட்டும் என்றது ஊர். வெள்ளி, செவ்வாயில் கம்பைநல்லூரிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் முன்னால் இரண்டு பொருளை வைத்தால் எப்போதும் தன் வலக்கைப் பக்கம் இருப்பதைத்தான் எடுப்பான். இரண்டு களி உருண்டையானாலும் சரி, இரண்டு கூழாங்கல்லானாலும் சரி. பிறந்ததிலிருந்து அப்படித்தான். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும். ஊருக்குத் தெரியாது. பொட்டலம் கட்டி வைக்கிறவர் அப்பா. எந்தப் பூவை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? வந்தவர்கள் முகத்தைப் பார்த்து, அவர்கள் மனசில் இருப்பதை அம்மன் வாயில் போட்டார். அவர்களும் சந்தோசமாகத் திரும்பிப் போனார்கள்.

வெள்ளி செவ்வாய் போதாமல் தினமும் ஆள் வர ஆரம்பித்தது. தினமும் பகலிலும் லேகியம். நெல்லிக்காய் அளவு கேட்காமல் போய், சின்ன எலுமிச்சங்காய் அளவு ஆயிற்று. அண்ணன் ஊதிப் போனான். வண்டி வந்தால் தலையைத் தூக்குவது நின்றது. எங்கள் மாடு மணியாட்டிக்கொண்டு அவன் மேல் உரசிப் போனால்கூடத் திரும்பமாட்டான். நான் கிட்டே போய் உட்கார்ந்து மணிச் சத்தத்தை முனகிப் பார்ப்பேன். அவன் பதிலுக்கு முனகமாட்டான். சில நாள் திடீரென்று ஒன்றும் இல்லாத மூலையைப் பார்த்து நடுங்குவான். அம்மாவைப் பார்த்தே பயந்து பின்னால் நகர்வான். பெற்றவளைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளையைக் கும்பிட வெளியே வரிசை நின்றது.

அந்தச் சமயத்தில்தான் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கடையோடு கஞ்சாக் கடையையும் மூடினார்கள். வைத்தியர் லேகியம் கிண்டுவதை நிறுத்திவிட்டார். வீடு தேடி வந்து அப்பாவிடம் சொன்னார்: "இனி என்னால ஆவாதுங்க. சட்டம் ஒருபக்கம் கெடக்கட்டும், பையன் கண்ணப் பாத்தா எனக்குப் பயமா இருக்குதுங்க. ஒரேடியா நிறுத்தாதீங்க, கொஞ்சங் கொஞ்சமா கொறைச்சு உட்டுருங்க. கொறைக்கறதுக்கு வேண்டியது கையில இருக்குது, தர்றன்."

அப்பா அதை வாங்கிக்கொண்டார். ஆனால் குறைக்கவில்லை. அது தீர்ந்ததும், எல்லை தாண்டி மைசூர்ப் பக்கத்திலிருந்து திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து விற்கிற ஒருவனைப் பிடித்தார். அவன் கொடுத்த லேகியம் கறுப்பாக, கசப்பாக இருந்தது. என்ன போட்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதைச் சாப்பிட்ட நாளில் அண்ணனுக்கு நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கண்மணி அகலமாக விரிந்து கிடக்கும்.

அம்மா அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டத்தின் நடுவில் போய் நின்றாள். "எனக்கும் பூக் கேக்கணுங்க. எம்மவனுக்கு இந்த மருந்த நிறுத்திரலாமான்னு அம்மனக் கேளுங்க" என்றாள். ஊருக்கு மருந்து விசயம் அரைகுறையாகத் தெரியும், சாமிக்கு ஆகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பொட்டலம் கட்டினார். வைத்தார். அண்ணன் வலப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தான். சிவப்பு அரளி. நிறுத்தக் கூடாது.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா கேட்டாள். "அவன் சோத்தாங்கைப் பக்கம்தான் எடுப்பான்னு ஒங்களுக்குத் தெரியாதா? யார ஏமாத்தறீங்க? ஊரயா, என்னையா, அந்த அம்மனையா?"

"எவளையும் ஏமாத்தல. அவன் அந்தப் பக்கம் எடுக்கறதும் அவ எடுக்க வெக்கறதுதான். நான் இந்தப் பக்கம் வெக்கறதும் அவ வெக்கச் சொல்றதுதான். வாய மூடிட்டுக் கெட" என்றார் அப்பா.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல். திருடனாக இருந்திருந்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் பயந்திருப்பார். நம்பினார் மனுசன். மனப்பூர்வமாக நம்பினார். பெற்ற பிள்ளை முகத்தைப் பார்த்தால் தெரிகிற விசயத்தை இரண்டு இலைப் பொட்டலத்திடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா வேறு வழி பார்த்தாள். கருப்பட்டியையும் நெய்யையும் கேழ்வரகு மாவில் போட்டுக் கறுப்பாகக் கிண்டி, லேகியச் சட்டியிலேயே வைத்தாள். நிஜமானதை எருக்குழியில் புதைத்தாள். அப்பா வெறும் கருப்பட்டியை உருட்டி அண்ணனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரேடியாக நிறுத்தாதே என்று வைத்தியர் சொன்னது அம்மாவுக்கும் தெரியும். குறைப்பதற்கு நல்ல மருந்து எங்கே இருந்தது? அண்ணன் பட்ட பாடு கண்கொண்டு பார்க்க முடியாது. சோறு இறங்கவில்லை. வேர்த்துக் கொட்டியது. தூக்கம் அடியோடு போயிற்று. அம்மாவின் முடியைப் பிடித்து இழுத்துக் கன்னத்தைக் கடித்துவிட்டான். பழையபடி சுவரில் மோதினான். அம்மா பழையபடி கையை வைத்துக்கொண்டு படுத்தாள். சாமி உக்கிரத்தில் இருக்கிறது, இப்போது பார்க்க முடியாது என்று அப்பா ஊருக்குச் சொல்லிச் சமாளித்தார். சரக்கு மட்டம் என்று மைசூர்க்காரனைத் திட்டினார்.

மெல்ல மெல்ல அடங்கினான். உடம்பு வற்றியது. ஒரு காலையில் நான் ஈயத் தவலையைக் கை தவறிப் போட்டுவிட்டேன். அண்ணன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவன் காதைப் பொத்தியிருந்த கைகளைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "வந்துட்டான் புள்ள. எம்மவன் வந்துட்டான்" என்றாள். அன்று சாயங்காலம் மாடு திரும்பியபோது அவன் மணிச் சத்தத்தை முனகினான். அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோசம் எதுவும் கிடைத்ததில்லை.

மாசி மறுபடியும் வந்தது. அம்மா அண்ணனைத் திருவிழா முடியும்வரை என் தாய்மாமன் வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கலாம் என்று கெஞ்சினாள். அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. லேகியம் என்று நம்பி எலுமிச்சங்காய் அளவு கருப்பட்டியை ஊட்டி, மஞ்சள் வேட்டி கட்டி, சந்நிதியில் உட்கார வைத்தார். பம்பை முழங்கியது. அண்ணன் அலறிக்கொண்டு எழுந்து, பூத்தட்டைத் தள்ளி, கும்பத்தை உருட்டி, கல்தூணில் நெற்றியை மோதினான். ரத்தம் கொட்டியது. கூட்டம் சிதறியது. "அம்மன் போயிட்டா, முனி திரும்பிருச்சு" என்று யாரோ கத்தினார்கள். பூசாரியை மாற்ற வேண்டும் என்று அங்கேயே பேச்சு எழுந்தது.

அப்பா சட்டியை முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டார். அம்மாவை அடித்த அடியை எழுதக் கை வரவில்லை. திருவிழா அடுத்த நாளும் இருந்தது. அப்பா ஆளை அனுப்பி மைசூர்க்காரனிடம் புதுச் சரக்கு வாங்கி வந்தார். அம்மாவையும் என்னையும் கேழ்வரகு கொட்டுகிற அறையில் போட்டுக் கதவைச் சாத்தினார். பழைய கணக்குக்கு எலுமிச்சங்காய் அளவு. அதற்கு மேலும் கொஞ்சம், சந்தேகத்துக்கு. மாதக்கணக்காக மருந்து படாத உடம்பு என்று அவருக்கு நினைவு வரவில்லை. அன்றைக்கும் அண்ணன் சந்நிதியில் உட்கார்ந்தான். யாரும் பூசாரியை மாற்றவில்லை.

திருவிழா முடிந்து கூட்டம் கலைந்தும் அவன் எழுந்திருக்கவில்லை. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வைத்தியரைக் கூட்டி வந்தார்கள். கண் இமையை விலக்கிப் பார்த்தார், நாக்கைத் தொட்டுப் பார்த்தார். "இதுல கஞ்சாவோட ஊமத்தங்கொட்டை அரைச்சிருக்குதுங்க. சுண்டக்கா அளவுன்னு சொன்னனேங்க. சொன்னனே" என்று அப்பாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். தன்னால் ஆனதைச் செய்தார். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

உயிரைத்தான் காப்பாற்ற முடிந்தது. அண்ணன் கண்ணைத் திறந்தான். கஞ்சியை வாயில் ஊற்றினால் விழுங்கினான். உட்கார வைத்தால் உட்கார்ந்தான், படுக்க வைத்தால் படுத்தான். தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கினான். வண்டிகள் போயின, வந்தன. நான் உலக்கையைப் போட்டு இடித்தேன். அவன் திரும்பவில்லை.

ஒரு மத்தியானம் அம்மா பித்தளைத் தட்டத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்தாள். அவன் காதோரமாக வைத்து அடித்தாள். "காத மூடு சாமி. அம்மா சத்தம் போடறன் பாரு, காத மூடு. கத்து கண்ணு. என்னயக் கடி" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். அவன் சும்மா இருந்தான். அம்மா அப்பா பக்கம் திரும்பி, "பம்பைய எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு அதட்டலை அவர் கேட்டதே இல்லை. போய் எடுத்து வந்தார். அண்ணனுக்கு முன்னால் நின்று அடிக்க ஆரம்பித்தார். அடிக்க அடிக்கக் கண்ணீர் அவர் மார்பில் வழிந்தது. "மூடுடா. ஒரே ஒருக்கா மூடுடா" என்று கதறிக்கொண்டே அடித்தார்.

பம்பைச் சத்தம் கேட்டு ஊர் கூடிவிட்டது. அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று கற்பூரத்தோடு வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "காதுகிட்ட பம்பை அடிக்குது, கண்ணுகூடச் சிமிட்டல பாரு. பெத்தவங்க புண்ணியம் பண்ணியிருக்கணும்" என்றாள் முன்னால் நின்றவள். அம்மா தட்டத்தைத் தூக்கி அவள் முகத்தில் வீசினாள். அப்பா அடித்துக்கொண்டே இருந்தார்.